பேசுவதும் கதைப்பதும்

இத்தாலியின் பலெர்மோவில், வுச்சீரியா சந்தைக்கு மேலே நாலாவது மாடியில் எங்கள் அறை. லிஃப்ட் கிடையாது; மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அதுதான். மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டால் கட்டாது என்று மனைவி ஊரிலிருந்து தூக்கிவந்த குக்கரில் சோறு வைக்கிறாள். மகள் ஜன்னலோரம் நின்று, கீழே மீன்காரர் போடும் கூச்சலை அப்படியே திருப்பிப் போடுகிறாள்.

தரை துடைக்க வரும் பெண்ணுக்குச் சொந்த ஊர் இலங்கையின் மன்னார். நேற்று நாங்கள் வெறும் தயிர்ச்சோறு தின்றதைப் பார்த்தவர், இன்று தன் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்திருக்கிறார். நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்கார சிக்னோரா வரட்டும். அவங்ககிட்ட உங்களைப் பத்திப் பேசறேன்" என்கிறேன்.

துடைக்கும் கை நின்றுவிடுகிறது. "ஏன் அண்ணா? நான் என்ன பிழை விட்டனான்?"

"ஐயோ, நல்லவிதமாத்தாங்க."

அவர் மறுபடி துடைக்கத் தொடங்குகிறார். "எங்கட ஊரில பேசுறதெண்டால் ஏசுறது. நீங்கள் சொல்லுறது கதைக்கிறது."

"சரி, அப்ப கதைக்கிறேன்."

"ஓம், நீங்கள் கதையுங்கோ." துணியை வாளியில் பிழிகிறார். "பேசுறதுக்கு சிக்னோரா இருக்கிறாதானே."