எட்டு இனங்களின் நடனம்

என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி நடனத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு மாடி ஏறி மூச்சிரைக்க வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நான்தான் கயின் பொண்ணு!" என்று கத்தினாள்.

பசுந்தாங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசாங்கப் பள்ளி அது. பிப்ரவரியில், நாட்டின் இனங்கள் ஒன்றுசேர்ந்ததைக் கொண்டாடும் ஒன்றிய நாள் வரும்போது இந்த நடனம் தவறாமல் நடக்கும். பர்மாவின் பெரிய இனங்கள் என்று அரசாங்கம் சொல்வது எட்டு. பர்மியர், ஷான், கச்சின், கயின் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் அந்தந்த உடையைப் போட்டுக்கொண்டு மேடையில் கைகோத்து ஆடுவார்கள். நானும் அதே பள்ளியில் படித்தவள்தான். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் நினைத்ததும் இல்லை. அதனால்தான் அன்றைக்கு அவளைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

நாங்கள் தமிழர்கள். என் கணவரின் கொள்ளுத்தாத்தா அலோன் ஆற்றுத் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். கணவர் இப்போதும் அந்த ஆற்றங்கரையில்தான் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கல்யாணமாகாத கயின் பெண்கள் போடும் நீண்ட வெள்ளை அங்கியை நானே தைத்தேன். கழுத்தைச் சுற்றியும் ஓரத்திலும் சிவப்பு நூல் குஞ்சம். இஸ்திரி போடும் வரைக்கும் அவளுக்குப் பொறுமை இல்லை. அப்படியே மாட்டிக்கொண்டு மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஆடிக் காட்டினாள். அவள் சுற்றுவதற்கு இடம் வேண்டுமே என்று அவள் அப்பா காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, உடை போட்டு ஒத்திகை பார்த்தார்கள். அன்று அவள் சத்தமில்லாமல் படியேறி வந்தாள். கையில் உடை இல்லை.

"அங்கி எங்கடி?"

"சயாமா அங்கயே வெச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க." சயாமா என்றால் ஆசிரியை. "வேற பிள்ளை போடப் போவுது."

"ஏன்? நீ சரியா ஆடலையா?"

"நல்லாத்தான் ஆடுனேன். பெரிய ஆபீசர் வர்றாராம்மா. நான் நின்னா கயின் மாதிரி தெரியாதாம். மொகம் வேறயாம். தலைமை சயாமா சொன்னாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "கலாவெல்லாம் இதுல கிடையாதுன்னு ஒரு பொண்ணு சிரிச்சா" என்றாள்.

தமிழில் கலா என்பது ஒரு பெண்ணின் பெயர். இந்த ஊரில் அது எங்களைப் போன்ற கறுத்த, இந்திய முகம் உள்ளவர்களைக் கூப்பிடும் வார்த்தை. சிலர் கெட்ட எண்ணம் இல்லாமலும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் காதில் விழுந்ததும் உடம்பு சின்னதாகிவிடும். அது எனக்குப் பழகியிருந்தது. என் மகளுக்கு இன்னும் பழகவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். அவளுடைய வகுப்பு ஆசிரியை என்னை வராந்தாவிலேயே பார்த்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் மகள்தான் நன்றாக ஆடுகிறாள். எனக்குத் தெரியாதா? என் கையில் இல்லை, அக்கா" என்றாள். உண்மையாகவே அவளுக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

தலைமை ஆசிரியை என்னை உட்காரச் சொன்னாள். கோபமாகப் பேசவில்லை.

"வருபவர்கள் நாட்டின் இனங்களைப் பார்க்க வருகிறார்கள். இனங்கள் எட்டு. ஒன்பதாவது ஒன்றை நான் எங்கிருந்து கொண்டு வருவது?"

"அவள் இங்கேதான் பிறந்தாள், சயாமா. நானும் இங்கேதான் பிறந்தேன். இதே பள்ளியில்தான் படித்தேன்."

"தெரியும். அதற்காக முகத்தை மாற்றிவிட முடியுமா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு ஏதோ உதவி செய்வது போல, "மேடை ஓரத்தில் பூத்தட்டு பிடிக்கட்டும். அதற்கு உடை பற்றிய பிரச்சினை இல்லை" என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். அங்கே சத்தம் போட்டால், நாளைக்கும் அந்த வகுப்பில் உட்கார்ந்து அதன் பலனை அனுபவிக்க வேண்டியது என் பிள்ளைதான். அந்தக் கணக்கு எங்களைப் போன்ற எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும்.

அன்று சாப்பிடும்போது அவள் கேட்டாள். "அம்மா, நாம என்னா லூம்யோ?" லூம்யோ என்றால் இனம். "புஸ்தகத்துல படம் போட்டு எல்லா லூம்யோவும் இருக்கு. நாம எந்தப் பக்கத்துல இருக்கோம்?"

அவள் அப்பா, "நாம தமிழாளுங்க, பாப்பா" என்றார்.

"அது தெரியும்ப்பா. எந்தப் பக்கம்னு கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் குழம்பை எடுத்து அவள் தட்டில் ஊற்றினேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், எங்கள் பால்கனி மணியிலிருந்து தெரு வரைக்கும் தொங்கும் கயிற்றை யாரோ இழுத்தார்கள். எட்டிப் பார்த்தால், வகுப்பில் என் மகள் கூடவே உட்காரும் பர்மியப் பெண்ணும் அவள் அம்மாவும் நிற்கிறார்கள். மேலே வந்ததும் அந்த அம்மா தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தாள். உள்ளே நான் தைத்த அங்கி. அந்தப் பெண்ணுக்குத் தோள் தொங்குகிறது, நீளமும் கூடுதல். இந்தத் தெருவில் வேறு தையல்காரி கிடையாது.

"உன்னிடம் கொண்டு வரவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. என் மகளும் மாட்டேன் என்றுதான் அழுதாள். பள்ளியில் விடவில்லை."

வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளையை நிற்கவைத்துத் தோள் துணியைப் பிடித்து ஊசி குத்தினேன். அது அசையாமல் நின்றது. தையலைப் பிரிக்கிற நேரத்தில் அது என் மகளிடம் மெதுவாகச் சொன்னது: "மூன்றாவது சுற்று எனக்கு வரவில்லை. சயாமா திட்டிக்கொண்டே இருக்கிறார்."

என் மகள் சுவரோரம் நின்றிருந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் வந்து அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் திருப்பினாள். "வலது காலை முதலில் வை. கையைப் பார்க்காதே, நேராகப் பார்" என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொடுத்தாள். தப்பு வந்தபோதெல்லாம் முதலிலிருந்து ஆடிக் காட்டினாள். நான் மெஷினில் குனிந்துகொண்டேன். இரண்டு பிள்ளைகளும் தரையில் காலை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய் நின்றாள்.

அவர்கள் போன பிறகு, "ஏன்டி சொல்லிக் குடுத்தே?" என்று கேட்டேன்.

"அவ தப்பா ஆடுனா எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

விழா அன்று வீட்டிலேயே இரு என்று சொன்னேன். கேட்கவில்லை. பூத்தட்டு பிடிக்கவும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றப் பிள்ளைகளோடு வெயிலில் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. மூன்றாவது சுற்று அழகாக வந்தது. அதிகாரி கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள், என் மகளும் தட்டினாள். கம்பி வேலிக்கு வெளியே நின்ற நான் மட்டும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்தேன்.

அதன் பிறகு அவள் வகுப்பில் இடம் மாறிவிட்டாள். யாரும் மாறச் சொல்லவில்லை. கடைசிப் பெஞ்சில் ஒரு நேபாள வம்சத்துக் கூர்க்காப் பையன், இரண்டு முஸ்லிம் பிள்ளைகள், இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தார்கள். இவளும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். முன் பெஞ்சுகளில் ஆசிரியையிடம் சாயங்கால டியூஷன் போகிற பிள்ளைகள். ஆசிரியை கேட்கும் கேள்வியெல்லாம் முன் பெஞ்சோடு முடிந்துவிடும். எந்தச் சட்டமும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் பெஞ்சைப் பார்த்தாலே யார் யார் என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் தமிழ் பேசுவதும் குறைந்தது. பள்ளி வாசலில் நான் கூப்பிட்டால், "இங்க தமிழ்ல கூப்பிடாதம்மா" என்பாள். பிறகு, நான் வரவே வேண்டாம் என்றாள். நெற்றிப் பொட்டை எடுத்துவிட்டு, பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் தனாக்காச் சாந்தைப் பூசிக்கொண்டு, தெருமுனையிலேயே நின்று அவளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் படித்தாள். கொரோனா நோய்க்காலத்திலும் அதற்குப் பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊர் கலங்கிக் கிடந்தபோதும் பள்ளிகள் மூடியிருந்தன. பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே படித்து, பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மார்க் வாங்கினாள். ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். குடியுரிமை அட்டை கேட்டார்கள். அவளோடு படித்தவர்களுக்கு அட்டை வந்துவிட்டது. எங்களுக்கு, முன்னோர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் மேலிடத்தில் பார்க்க வேண்டும், காத்திருங்கள் என்றார்கள். கணவர் விடுப்புப் போட்டுக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு நடையாக நடந்தார். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த வருஷச் சேர்க்கை முடிந்தது. அடுத்த வருஷமும் முடிந்தது. மூன்றாவது வருஷமும் அப்பா கிளம்பியபோது அவளே, "விடுங்கப்பா, போதும்" என்றாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இப்போது ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு துணி ஆலைக்குப் போகிறாள். விடியுமுன்னே ஆலை பஸ் வந்துவிடும். குளிர் நாட்டுக்குப் போகும் ஜாக்கெட்டுகளில் பித்தான் சரியாக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பது அவள் வேலை. அங்கே எல்லோரும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், யாரும் யாரையும் எந்த இனம் என்று கேட்பதில்லை என்று சொல்வாள். அதை நல்ல செய்தி மாதிரிதான் சொன்னாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆலையில் ஒரு பர்மியப் பையன் தன்னோடு பேசுகிறான் என்றாள். நல்லவனா என்று கேட்டேன். நல்லவன்தான் என்றாள். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்:

"கோச்சுக்காதம்மா. எனக்குப் பிள்ளை பொறந்தா அவன் மாதிரி இருக்கணும். உன்னை மாதிரி, என்னை மாதிரி வேணாம். அப்பதான் பள்ளிக்கூடத்துல நீ யாருன்னு அதை யாரும் கேக்க மாட்டாங்க."

கோபப்பட எனக்குத் தெம்பில்லை. அவள் சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்கு என் ஜாடை வந்துவிடக் கூடாதே என்று என் மகள் இப்போதே கவலைப்படுகிறாள். அந்தப் பிள்ளை என்னை என்னவென்று கூப்பிடும், எந்த பாஷையில் கூப்பிடும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"மீன் இன்னும் இருக்கு, போட்டுக்க" என்றேன். அவள் தட்டை நீட்டினாள்.