சதுரங்கப்பட்டினத்துல இருந்து மாவலிவரம் வரைக்கும் மோட்டார் படகுல

பஸ்ஸுல போனா சுளுவுதாம்மா, நான் இல்லன்னு சொல்லல. செங்கல்பட்டுல ஏறுனா திருக்கழுக்குன்றத்த சுத்திகினு மாவலிவரத்துல எறக்கி வுட்டுடுவான். ஆனா நீங்க கேட்டது கால்வாய் வழி. அந்த வழியா, அதுவும் மோட்டார் படகுல, மாசி மகத்துக்குப் போன பொம்பள எங்க பக்கத்துல நான் ஒருத்திதான் இருப்பேன். அதனால மொதல்லேந்து சொல்லிடறேன். அஞ்சாறு வருசம் முந்தி நடந்தது. அப்ப அணா கணக்கு, இந்த நயா பைசா எல்லாம் வரல.

ஏன் போனேன்னா, கண்ணு. எங்க வூட்டுக்காரரு ரயில் எஞ்சின் ஷெட்டுல பிட்டரா இருந்தவரு. ஒரு நாளு இரும்புத் தூளு தெறிச்சு வலது கண்ணுல பூந்துடுச்சு. டாக்டரு, "பாக்கலாம்மா, சொல்ல முடியாது"ன்னுட்டாரு. நான் அங்கியே நின்னு மாவலிவரத்துப் பெருமாளுக்கு வேண்டிகினேன். கண்ணு பொழைச்சா மூணு வருசம், ஒரு வருசம் வுடாம, மாசி மகத்தன்னிக்கு நீ கடலுக்கு வர்றப்ப நானும் கூட முழுக்கு போடறேன், பதினெட்டு வெளக்கு வெளக்கெண்ணெயில ஏத்தறேன்னு. கண்ணு பொழைச்சிது. ரெண்டு வருசம் முடிச்சேன். இது மூணாவது. நடுவுல ஒண்ணு தப்புனா மறுபடி ஒண்ணுலேந்து எண்ணணும். அதுக்குள்ள அந்தக் கண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா யாரை கேக்குறது?

பொழைச்ச கண்ண வெச்சிகினு மனுசன் இன்னா பண்ணாரு தெரியுமா? பழைய படகு மோட்டாரா தேடித் தேடி வாங்குனாரு. படகுக்குப் பின்னாடி மாட்டுவாங்களே, மேல எஞ்சினு, கீழ தண்ணிக்குள்ள காத்தாடி, அது. வெள்ளைக்கார துரைங்க வாத்து சுடப் போவ வெச்சிருந்து, ஊருக்குப் போறப்ப வுட்டுட்டுப் போனது. பஜார்ல பழைய இரும்புக் கடை வெச்சிருக்கற காதர் பாய் எங்கியோ புடிச்சிகினு வந்து குடுப்பாரு. துரு புடிச்சு எலிக்கூண்டு கணக்கா வரும். இவரு ராவுன்னும் பாக்காம பகலுன்னும் பாக்காம கழட்டுவாரு, சீமெண்ணெய்ல ஊற வெப்பாரு, சீலைத்துணியால தொடைப்பாரு. என் கல்யாணப் பொடவைய ஒரு நாளு அப்பிடித் தொட்டிருப்பாரா?

அதுல ஒண்ணு பித்தளைத் தொட்டி வெச்சது. அதுக்கு நான் தொரசாணின்னு பேரு வெச்சேன். காதர் பாய் வூட்டுக்கு வந்தா, "இன்னா தங்கச்சிம்மா, சக்களத்தி சவுக்கியமா?"ன்னுதான் கேப்பாரு.

சக்களத்தி சவுக்கியத்துக்கு ஒண்ணும் கொறவு இல்ல. நெல்லு புழுக்கற என் பெரிய அண்டாவுல தண்ணி ரொப்பி, அதோட விளிம்புல மோட்டார மாட்டி ஓட்டிப் பாப்பாரு. தண்ணி வாசப்படி வரைக்கும் தெறிக்கும், மாடு கயிற அறுத்துகினு ஓடும். மூணு மாசம் எங்க வூட்டு அரிசியில பெட்ரோல் வாசன.

அந்த வருசம் மாசி பொறந்ததும் அவரே ஆரம்பிச்சாரு. "இந்தா, இந்த தடவ பஸ்ஸு வேணாம். சதுரங்கப்பட்டினம் போயி, அங்கேந்து கால்வாயில தொரசாணிய மாட்டிகினு போலாம். எட்டு மைலு. ரெண்டு மணி நேரம் கூட ஆவாது."

"நடுவுல நின்னுபோனா?"

"நிக்காது. நின்னா இத காதர் கடையிலியே எடைக்குப் போட்டுடறேன், போதுமா?"

காதர் பாயும் கூட வரேன்னாரு. சரின்னு தலைய ஆட்டுனேன். கண்ணு குடுத்த சாமி, வழியும் குடுக்கும்.

மகத்துக்கு மொத நாளு கெளம்புனோம். காலம்பற ஏழரை பஸ்ஸு. செங்கல்பட்டுலேந்து திருக்கழுக்குன்றம் ஒம்பது மைலு, ஆளுக்கு அஞ்சணா. மோட்டார கோணியில சுத்தி மேல போட்டதுக்கு நாலணா தனியா வாங்கிகினான் கண்டக்டரு. "இன்னா அண்ணாத்த, பொணமா?"ன்னு வேற கேட்டான். மலையில கழுகு ரெண்டும் சாப்பிட வர்றது மத்தியானந்தான், அதுவரைக்கும் நிக்க நேரமில்ல, கீழ இருந்தே கும்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸு புடிச்சோம். சதுரங்கப்பட்டினத்துக்கு இன்னும் ஒம்பது மைலு, இன்னொரு அஞ்சணா. போயி எறங்கறப்ப மணி பன்னெண்டு.

அங்க இடிஞ்ச டச்சுக்காரன் கோட்டை ஒண்ணு கீது. உள்ள வெள்ளைக்காரங்க சமாதிக் கல்லு, அதுல பூவும் எலும்புமா செதுக்கி வெச்சிருக்கான். நான் எட்டி நின்னே பாத்தேன். கோயிலுக்குப் போற வழியில சமாதிய மிதிக்கக் கூடாதுன்னு. அப்பால எல்லப்பன்னு ஒரு படகுக்காரன் வூட்டுல தங்குனோம். கால்வாயில வெறவு ஏத்தறவன். படகுக்கும் ஆளுக்கும் சேத்து மூணு ரூபா பேசுனாரு. அவன் பொண்டாட்டி வஞ்சிர மீன் கொழம்பு வெச்சி கூப்ட்டா. எனக்கு வெரதம், கட்டிகினு போன புளிசோத்த துண்ணேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெரதமா இன்னா, நல்லா வெட்டுனாங்க.

மறுநாளு விடியறப்ப அஞ்சரைக்கு படகுல ஏறுனோம். எல்லப்பன் மோட்டாரப் பாத்துட்டு, "அண்ணாத்த, இது ஓடுமா, இல்ல இதையும் சேத்து நான் தள்ளணுமா?"ன்னான். நான் கற்பூரம் ஏத்தப் போனேன். எங்க வூட்டுக்காரரு போட்டாரு ஒரு சத்தம். "பெட்ரோலுடீ! பெருமாள இங்கியே வரவழைக்கப் பாக்குறியா?" சரின்னு கரையில எறங்கி பத்தடி தள்ளி ஏத்துனேன். ஆனா அவரு பாக்காதப்ப மோட்டார் தலையில இருக்கற சக்கரத்துல ஒரு மொழம் மல்லிய சுத்தி வுட்டேன். அந்தச் சக்கரத்துலதான் கயித்த சுத்தி இழுக்கணும்னு எனக்கு அப்ப தோணல. அரை இருட்டுல பூவ கவனிக்காம கயித்த சுத்தி இழுத்தாரு, மோட்டாரு ஒரே இழுப்புல புடிச்சிகிச்சு, பூவு பிச்சிகினு நாலு பேரு மேலயும் அட்சதையா வுழுந்துது. காதர் பாய் தாடியெல்லாம் மல்லி. "முபாரக்கு, முபாரக்கு"ன்னு சிரிச்சாரு மனுசன்.

அந்த ஒரு மணி நேரம் இருக்கே. அத நெனைச்சாதான் இதெல்லாம் எழுதணும்னு தோணுது. கெழக்கால சவுக்குத் தோப்பு, அதுக்கு அந்தாண்ட கடல் சத்தம், மேக்கால உப்பளம். தண்ணி கண்ணாடியாட்டம். நாம போற வேகத்துல ரெண்டு பக்கமும் அலை எழும்பி கரையில இருக்கற நாரைங்கள எழுப்பி வுடுது. எதுர்ல ஒரு உப்புப் படகு, கரையில ரெண்டு பேரு கயிறு கட்டி இழுத்துகினு வரானுங்க. அவனுங்க நின்னு வாயப் பொளந்து பாத்தானுங்க. எங்க வூட்டுக்காரரு மோட்டார் புடிய புடிச்சிகினு ராஜாவாட்டம் குந்திகினு இருக்காரு. அந்த வலது கண்ணு வெயில்ல மின்னுது. இந்த மனுசன எனக்குக் குடுத்தியே பெருமாளேன்னு நெனைச்சிகினேன். வாய்வுட்டு சொல்லல, சொன்னா தலைக்கு ஏறிக்கும்.

அஞ்சாவது மைலு முடியறப்ப மோட்டாரு செருமிச்சு, நின்னுடுச்சு. மணி ஆறே முக்கா. அவரு ஒண்ணும் பதறல. "தொட்டியில தீந்துடுச்சு, ஊத்திகினு போலாம்"ன்னு பெட்ரோல் தகரத்த எடுத்தாரு. இந்த மோட்டாருக்கு சும்மா பெட்ரோல் ஆவாது. பதினாறு பங்குக்கு ஒரு பங்கு ஆயில் கலக்கணும், அதான் உள்ள இருக்கற பிஸ்டனுக்கு வழுக்கல். மொதத் தொட்டிக்கு வூட்லியே கலந்தாச்சு. ரெண்டாவதுக்கு ஆயில் டின்னு பையில. பையில கைய வுட்டாரு. இன்னொரு தடவ வுட்டாரு. பைய கவுத்தாரு. ஸ்பேனரு, பிளக்கு, கயிறு எல்லாம் வுழுந்துது. டின்ன காணோம்.

"மறந்துட்டீங்களா?"ன்னேன்.

"எடுத்து வெச்சேன்டீ."

"வெச்சா எங்க போவும், நீந்தியா போயிருக்கும்?"

எல்லப்பன் துழாவுகோல எடுத்துட்டான். "ஆயா, இன்னும் மூணு மைலு. கோலு போட்டா ரெண்டு மணி நேரம். அப்பால கடக்கரைக்கு ஒரு மைலு நடக்கணும்."

பெருமாள் கடலுக்கு எறங்கறது எட்டு மணி சுமாருக்குன்னு சொல்லியிருந்தாங்க. இவரு பெட்ரோல அப்பிடியே தொட்டியில ஊத்தப் போனாரு.

காதர் பாய் கைய புடிச்சாரு. "இன்னாப்பா பண்றே? ஆயில் இல்லாம ஓட்டுனா பிஸ்டன் கவ்விக்கும். மோட்டாரே போயிடும்."

"போவட்டும். அதுக்குள்ள மூணு மைலு தாண்டிடும். இவ எட்டு மணிக்கு தண்ணியில நிக்கணும்."

எட்டு மாசம் அந்த மோட்டாருக்கு ஒழைச்சவரு. பித்தளைக்கு புளி போட்டு தேய்ச்சவரு. மடியில இருந்த வெளக்கெண்ணெ சீசாவ பாத்தேன். பதினெட்டு வெளக்குக்குன்னு ஆட்டி எடுத்துகினு வந்தது.

பாயும் அதத்தான் பாத்துகினு இருந்தாரு. "தங்கச்சிம்மா, ஒண்ணு சொல்லவா, கோச்சுக்காத. துரைங்க பந்தயத்துக்கு ஓட்டறப்ப வெளக்கெண்ணெய்தான் கலப்பாங்கன்னு எங்க மேஸ்திரி சொல்லி கேட்டிருக்கேன்."

"வேணாம் பாய்," இவரு வெடுக்குன்னு சொன்னாரு. "அது சாமிக்கு நேந்தது. அத கேக்காத."

நான் சீசா மூடிய தொறந்தேன். "கேக்கறதுக்கு முன்னாடி நானே தரேன். வெளக்குன்னா திரியில எரியணும்னு பெருமாள் எங்கியும் எழுதி வெக்கல. இங்க எரியட்டும்"ன்னேன். அவரு வாங்கல. பாய்தான் வாங்கி, தகரத்துல ஊத்தி, மூடி போட்டு கொழந்தைய தாலாட்டறாப்பல குலுக்கு குலுக்குன்னு குலுக்குனாரு. சீசா அடியில ஒரு வெரக்கடை மிச்சம் வெச்சாரு. "இது உன் சாமிக்கு."

நாலு இழுப்பு இழுத்தும் புடிக்கல. அஞ்சாவதுக்கு நீலப் பொகையா கக்கிகினு புடிச்சிது பாருங்க! ஆனா அந்த வாசன! சின்ன வயசுல மாசம் ஒரு தடவ காலம்பற மூக்க புடிச்சி வாயில ஊத்துவாங்களே, அதே வாசன. எல்லப்பன் மூக்க பொத்திகினு, "அண்ணாத்த, சீக்கிரம் ஓட்டு, எனக்கு வயித்தால வந்துடும்போல கீது"ன்னான். பயத்துலயும் சிரிச்சிட்டேன்.

ஏழே முக்காலுக்கு மாவலிவரம் பாலத்துக்கு கொஞ்சம் முன்னாடி காத்தாடியில பாசி சுத்திகிச்சு. மேளச் சத்தம் கேக்குது. "நீ எறங்கி ஓடு"ன்னாரு. முட்டியளவு சேத்துல எறங்கி, பொடவைய தூக்கி சொருவிகினு ஓடுனேன். அம்பத்திரெண்டு வயசுல. கல்லு ரதம், அர்ச்சுனன் தபசு ஒண்ணும் கண்ணுல படல. கரையில ஒரே சனம். குப்பத்துப் பொம்பளைங்க, கூடாரம் போட்ட இருளருங்க, கைக்கொழந்தக்காரிங்க. "வழி வுடுங்கம்மா, வழி வுடுங்கம்மா"ன்னு கத்துனேன். மேலெல்லாம் சேறு, வெளக்கெண்ணெ நாத்தம். வழி தன்னால வுட்டாங்க. பெருமாளுக்குப் பதிலா முழுக்கு போடற சக்கரத்தாழ்வார தூக்கிகினு பட்டருங்க தண்ணியில எறங்கறாங்க. அவரு முழுகறப்ப நானும் முழுகுனேன். மூணாவது வருசம் முடிஞ்சிது.

எந்திரிச்சு பாத்தா கரையில அவரு. படகு, மோட்டாரு, எல்லாத்தையும் பாய்கிட்ட வுட்டுட்டு பின்னாடியே ஓடி வந்திருக்காரு. ரெண்டு கண்ணும் செவந்து போயி நிக்கறாரு, உப்புத் தண்ணி கூட படாதவரு.

கோயில்ல மிச்ச எண்ணெயில ஒரே ஒரு வெளக்கு ஏத்துனேன். பாக்கி பதினேழு அடுத்த சனிக்கெழமை பஸ்ஸுல போயி ஏத்திட்டு வந்தேன். மோட்டார பாய் கடையில எடைக்குப் போடல, நான் போட வுடல. இன்னிக்கும் அண்டா விளிம்புலதான் தொங்குது. நான் நெல்லு புழுக்க வேற அண்டா வாங்கிகினேன்.

நீங்க போறதா இருந்தா நான் சொல்றத கேட்டுக்கங்க. மாசிக்கு அப்பால கால்வாயில தண்ணி முட்டிக்கு கீழ எறங்கிடும், காத்தாடி மண்ணுல இடிக்கும், போவாதீங்க. எல்லப்பன் மாரி கோலு போட தெரிஞ்ச ஆள கூட வெச்சிக்கங்க. வழியில குடிக்க தண்ணி கெடைக்காது, ஒரு கொடம் எடுத்துகினு போங்க. கற்பூரம் கரையில. பூவு சாமிக்கு, சக்கரத்துக்கு வேணாம். எல்லாத்துக்கும் மேல, ஆயில் டின்ன கெளம்பறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவ பாத்துக்கங்க, ஆம்பளைங்க பையில வெச்சேன்னு சொன்னா நம்பாதீங்க. இத்தன வருசமா யாரு வந்தாலும் இந்தக் கதைய சொல்லி, "டின்ன மறந்த மகராசன்"னு அவர காட்டுவேன். அவரு பிளக்கு தொடைச்சிகினே இருப்பாரு.

இரும்மா, இத எழுதறப்பதான் ஞாபகம் வருது. அன்னிக்கி கெளம்பறப்ப புளிசோத்து தூக்கு பையில கொள்ளல. ஆயில் நாத்தம் சோத்துக்கு ஏறுமேன்னு ஒரு டின்ன வெளிய எடுத்து அரிசிப் பானை பின்னால வெச்சேன். நாந்தான் வெச்சேன். ஊருக்குத் திரும்பி வந்தப்ப அது அங்கியேதான் இருந்துது, எனக்குத்தான் அப்ப ஒறைக்கல, அவருதான் மொதல்ல பாத்தாரு, ஒரு வார்த்தை பேசாம எடுத்துகினு போயி மோட்டார் பக்கத்துல வெச்சிட்டாரு.