கவிழ்த்துப் போட்ட பேனர்

சேலத்தில் ஒரு சினிமாக் கொட்டகையை இடித்தபோது காணாமல் போன துணி பேனரை வருடக்கணக்கில் தேடினேன். ஒரு பழைய படத்துக்காகக் கையால் வரைந்தது. அந்தப் படத்தின் சுருள் இன்று எங்குமே இல்லை. கதாநாயகனின் முகம் மிச்சமிருந்தது அந்தத் துணியில் மட்டும்தான். பழைய சினிமாப் பொருள் சேகரிக்கிற எனக்குப் பைத்தியம் பிடிக்க அது போதாதா?

போன தை மாதம் மலைமேல் இருக்கும் செம்மேட்டுச் சந்தையில் விசாரித்தேன். பெரக்கரை நாட்டு விவசாயி ஒருவர், "அது எங்க ஊட்லதானுங்க இருக்குது. கொட்டகைக்காரர்கிட்ட எங்கப்பா வாங்கியாந்தது" என்றார். அவர் கூடவே போனேன்.

வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் துணி கவிழ்ந்து கிடந்தது. அதில் மிளகுக் கொத்துகளைக் கொட்டி, அவர் மனைவி காலால் மிதித்து மணி உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"இதையா மிதிக்கிறீங்க?" என்று கத்தினேன்.

அந்த அம்மா பதறிப்போனார். "ஐயோ, அவரு மொகத்தப் போயி மிதிப்பமுங்களா? அதுக்குத்தானுங்க எப்பவுமே கவுத்துப் போடறது."

மிளகை ஒதுக்கிவிட்டு இருவரும் துணியைத் திருப்பிக் காட்டினார்கள். பாறையில் உரசி உரசி முகம் மொத்தமும் போயிருந்தது. பாறைக்கு அடங்காமல் மேலே மடித்துவிட்டிருந்த ஓரத்தில், கதாநாயகனின் பூட்ஸ் கால்கள் மட்டும் நேற்று வரைந்ததுபோல் பளபளத்தன.