சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

சொந்த நாட்டில் இருபது வருஷம் ஆபரேஷன் கத்தி பிடித்த கை அது. கடல் தாண்டி வந்ததும், பட்டம் செல்லாது, பரீட்சை எழுது என்றார்கள். மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளும் வேலைதான் கிடைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவரை "டாக்டர்" என்று கூப்பிட்டது கிண்டலுக்கு. மனிதர் அதற்கும் நிஜமாகவே திரும்பிப் பார்ப்பார்.

மனைவிக்கு வயிறு வலித்தபோது அழுத்திப் பார்த்துவிட்டு, "வாய்வுதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்.

"ஏங்க, உங்க ஆஸ்பத்திரியிலயே ஒரு தடவை காட்டிடலாமே."

தான் வண்டி தள்ளுகிற இடத்தில், தன் மகன் வயது டாக்டர்கள் முன்னால் கைகட்டி நிற்பதா? வீம்பு, வேறென்ன. மூன்றாம் நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. குடல்வால் வெடித்திருந்தது.

அவளை வைத்த வண்டியை அவரே தள்ளிக்கொண்டு போனார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. வண்டி தள்ளுகிறவர்கள் அதைத் தாண்டக் கூடாது.

"எனக்காக சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள், கல்யாணமான நாளிலிருந்து தன் சாமியை நக்கலடித்தவரிடம்.

இளம் சர்ஜன் வந்தான். "எத்தனை நாளா வலி?"

"மூணு நாள்."

"ஏன் இவ்வளவு லேட்டா கொண்டு வந்தீங்க?"

இதே கேள்வியை அவரே எத்தனை கணவன்மாரிடம் எரிந்து விழுந்து கேட்டிருக்கிறார். வண்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே ஒவ்வொரு நிமிஷமும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. சாமியிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஓரத்திலிருந்த குழாயைத் திறந்தார். நகம், விரலிடுக்கு, முழங்கை என்று தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினார். பிறகு, ஆபரேஷனுக்குப் போகும் முன் நிற்பாரே, அதே மாதிரி ஈரக்கைகளை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கோட்டருகே நின்றார்.

தரை துடைக்கிற அம்மா பார்த்தாள். கும்பிடுகிறார் என்று நினைத்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேண்டிக்கிட்டீங்களா, டாக்டர்?" குரலில் கிண்டல் இல்லை.

"எனக்கு இது மட்டுந்தாம்மா தெரியும்."

கையில் ஈரம் காய்ந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. அவர் கையை இறக்கவும் இல்லை.