அரை நொடித் தாழ்ப்பாள்

சினிமாவில் என் பெயர் எப்போது வரும் தெரியுமா? நீங்கள் இருட்டில் இடம் தேடி, யாரோ ஒருவர் காலை மிதித்து, "சாரிங்க, சாரிங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வரும். படத்தொகுப்பு என்று ஒரு வரி, அதன் கீழே நான். இருபத்திரண்டு படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறேன். எத்தனையோ ரகத் தயாரிப்பாளர்களைப் பார்த்தாயிற்று. மச்சினிக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றவர், படத்தைப் பார்க்காமலே நீளம் ஜாஸ்தி என்றவர், சம்பளம் கேட்டால் மட்டும் காது கேட்காமல் போனவர். அவர்கள் கதையெல்லாம் யாருக்கு வேண்டும்? நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தயாரிப்பாளரைப் பற்றி. கழுத்தில் அளவு டேப்போடு எடிட்டிங் அறைக்கு வந்தவர்.

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தொழில் தையல். சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பதினான்கு மெஷின்கள், மாடியில் குடித்தனம். பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான உடுப்பு என்று வருடம் முழுக்க ஓயாத வேலை. கணவர் என்று ஒருவர் இருந்தார். மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு மெஷின், அதுவும் தவணையில் வாங்கியது. மீதிப் பதின்மூன்றையும் அந்த வீட்டையும் அக்கா தனி ஆளாகத்தான் சம்பாதித்தார்.

இவர் எப்படிச் சினிமாவில் வந்து மாட்டினார் என்றால், கூடப் பிறந்த தம்பியால்தான். தம்பி டைரக்டர். யூனிட்டே அவனைத் தம்பி என்றுதான் சொல்லும். அவன் எடுத்த முதல் படம் கையைக் கடித்தது என்று சொல்ல மாட்டேன், கையையே எடுத்துவிட்டது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே யாரையும் கேட்காமல் முடிவை மாற்றி எடுத்தவன் அவன். அந்தத் தயாரிப்பாளர் இன்றைக்கும் அவன் பெயரைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். பிறகு எவன் பணம் கொடுப்பான்? அதனால் இரண்டாவது படத்துக்கு அக்கா பெயரில் கம்பெனி. "சும்மா ஒரு கையெழுத்துக்கா, பேப்பர்ல மட்டும்தான் நீ தயாரிப்பாளர்" என்றான். வீட்டை அடமானம் வைத்துப் பாதிப் பணம் வந்தது. மீதிப் பாதியைக் கொடுத்தவர் முப்பத்திரண்டு தியேட்டர்களுக்குச் சொந்தக்காரர். படம் அவருடைய தியேட்டர்களிலேயே வெளியாகும் என்பது பேச்சு.

இந்தத் தியேட்டர்காரர் லேசுப்பட்ட ஆளில்லை. தம்பியின் பழைய வாலாட்டம் எல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. எனவே வக்கீலை வைத்து ஒப்பந்தத்தில் கெட்டியாக ஒரு வரி எழுத வைத்தார். தயாரிப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் கதையிலோ வசனத்திலோ ஒலியிலோ முடிவிலோ எந்த மாற்றமும் செய்யக் கூடாது. தயாரிப்பாளர் யார்? தையல்காரம்மா. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுவார் என்று அவர் கணக்குப் போட்டார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். அக்கா அந்தப் பத்திரத்தை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தார். அளவைச் சரிபார்க்காமல் துணியில் கத்திரி வைக்காத கை அது, பேப்பரில் மட்டும் சும்மா வைக்குமா?

படத்தின் கதையும் அக்காவின் கதைதான். ஓடிப்போன கணவர் ஏழு வருடம் கழித்து ஒரு மத்தியானம் திரும்பி வந்து கதவைத் தட்டினார். அக்கா திறக்கவில்லை. அவ்வளவுதான் கதை. தம்பி அதைத்தான் எழுதியிருந்தான், நன்றாகவே எடுத்தான். கடைசிக் காட்சியில் கணவன் கதவைத் தட்டுகிறான். இவள் தைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி தட்டுகிறான். மெஷின் நிற்கிறது. எழுந்துவிடுவாள் என்று நினைக்கிறோம். அவள் நூல் கண்டை மாற்றுகிறாள், ஊசியில் கோக்கிறாள், மெஷின் மறுபடி ஓடுகிறது. படம் முடிகிறது. அதை ஒட்டி முடித்த அன்று நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்கு அப்படியெல்லாம் சுலபத்தில் ஆகாது.

எங்கள் எடிட்டிங் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஏசி ஒழுகும், கீழே ஒரு வாளி வைத்திருப்போம். தியேட்டர்காரர் அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. கதவை மட்டும் திறந்துடுங்க."

"சார்?"

"வாசல்ல புருஷன் நிக்கிறான், இவ பாட்டுக்கு உக்காந்து தைச்சுக்கிட்டிருக்கா. குடும்பத்தோட வர்றவன் ஏத்துக்குவானா? அவன் கால்ல விழட்டும், மூக்கைச் சிந்தட்டும், என்ன வேணா பண்ணட்டும். ஆனா இவ திறக்கணும். இல்லேன்னா என் தியேட்டர்ல ஒரு நாற்காலிகூடக் கிடையாது."

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. ஒரு படம் தோற்றவனுக்கு முப்பத்திரண்டு தியேட்டர் என்றால் சும்மாவா? நாலாம் நாள் கதவைத் திறக்கிற காட்சியை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தான். நடிகை, "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். "சொல்லிக்கலாம்" என்றானாம். நானும் வாயைப் பொத்திக்கொண்டு ஒட்டிக் கொடுத்தேன். என்னைப் பற்றி நல்லதாக எதுவும் நினைத்துவிடாதீர்கள், எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்தது.

மாற்றத்துக்குச் சம்மதம் என்று டைப் செய்த ஒரு தாளைத் தியேட்டர்காரர் ஆபீஸிலிருந்து அக்காவுக்கு அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் அக்கா அந்தத் தாளோடு மாடியேறி வந்துவிட்டார். கழுத்தில் டேப் அப்படியே தொங்கியது. உள்ளே தம்பி, தியேட்டர்காரர், நான்.

"போடுங்க எடிட்டரே, பாப்போம்."

போட்டேன். கதவு திறந்தது. அவன் அழுதான். அவள் அழுதாள். வயலின் அழுதது.

"பழசப் போடுங்க."

அதையும் போட்டேன். அக்கா நின்றுகொண்டே பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"இது யாரு கதைடா?"

"உன் கதைதான்க்கா. ஆனா சினிமான்னு வந்துட்டா..."

"நான் திறந்தேனா?"

"இல்ல."

"அப்போ இவ எதுக்குத் திறக்கறா?"

தியேட்டர்காரர் குரலைத் தழைத்துக்கொண்டார். வியாபாரத்தில் பழுத்த ஆள். "சரிம்மா, திறக்க வேணாம். உங்க பேச்சுக்கே வர்றேன். படம் முடிஞ்சு இருட்டாகுதில்ல, அப்போ தாழ்ப்பாள் விலகற சத்தம் மட்டும் போட்டுக்கலாம். டக்குனு ஒரு சத்தம். திறந்தாளா இல்லையான்னு அவனவன் வீட்டுக்குப் போய் யோசிச்சுக்கட்டும். உங்க மானமும் நிக்கும், என் தியேட்டரும் நிறையும்."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்தான் வாயைத் திறந்தேன். "அரை செகண்ட்தானேக்கா. ஒரு சத்தம். முப்பத்திரண்டு தியேட்டர்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"அன்னைக்கு எனக்கும் அரை செகண்ட்தான் இருந்துச்சு எடிட்டரே. எந்திரிக்கறதா, நூலை மாத்திட்டு உக்காந்துக்கறதா. நான் இத்தனை வருஷம் வாழ்ந்தது எல்லாம் அந்த அரை செகண்ட்லதான் இருக்கு. அதைப் போய்த் தொடறேங்கறீங்க."

அப்போது தம்பி சொன்னான். சொல்லியிருக்கக் கூடாது.

"அன்னைக்கே நீ திறந்திருக்கலாம்க்கா. நான் அப்பவே சொன்னேன்."

"சொன்ன. நான் கேக்கல. அதனாலதான் உனக்கு எடுக்க ஒரு கதை கிடைச்சுது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தியேட்டர்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "வீடு கையை விட்டுப் போயிடும்மா. படம் என் தியேட்டர்ல வரலேன்னா அறுபது நாள்ல என் பணம் வட்டியோட வரணும். அதுவும் அதே பத்திரத்துலதான் இருக்கு."

"இருக்கு சார். ஒன்பதாம் பக்கம். மாத்தறதுக்கு என் கையெழுத்து வேணும்ங்கறது ஆறாம் பக்கம். ரெண்டையும் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

சம்மதத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அக்கா போன பிறகுதான் தியேட்டர்காரர் கத்தினார், அதுவும் என்னைப் பார்த்து. ஒரு எடிட்டர் எந்தக் காட்சியையும் அழிக்க மாட்டான். என்றைக்காவது தேவைப்படும் என்று குப்பையைக்கூடச் சேர்த்து வைப்பான். அன்று சாயங்காலம் கதவு திறக்கிற காட்சியைத் தேடிப் பிடித்து அழித்தேன். யாரும் என்னை அழிக்கச் சொல்லவில்லை.

வீடு போயிற்று. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. வாங்க வந்தவன் அவசரம் தெரிந்து விலையை அடித்தான், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். அடமானக் கடனும் தியேட்டர்காரரின் பணமும் போகக் கையில் நின்றது கொஞ்சம்தான். மெஷின்களை ஒரு வாடகைக் கொட்டகைக்கு மாற்றினோம். தம்பியும் வந்து தூக்கினான். என் முதுகு இன்னும் வலிக்கிறது, அது எனக்கு வேண்டியதுதான்.

கடைசி மெஷினை வண்டியில் ஏற்றும்போது மகள் மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்தாள். இருபத்திரண்டு வயது, ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை.

"உன் வீம்புக்குப் போனது என் வீடும்மா. நான் வளர்ந்த வீடு. ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேன். நீ வேணாம்னு சொன்ன."

"சொல்லியும் வித்த. அன்னைக்கும் இப்படித்தான். நான் உன் கையைப் பிடிச்சு இழுத்து அழுதேன், அப்பா வந்திருக்காரு திறம்மான்னு. மெஷினை விட்டு எந்திரிச்சியா நீ?"

எனக்கு அதுவரை இது தெரியாது. படத்தில் அந்த நேரம் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். மகள் ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டுக்காக அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்க்கவில்லை. மகளுக்காக அழுததைப் பார்த்தேன், கொட்டகையில், துணி மூட்டைக்குப் பின்னால்.

படத்தை யாரும் வாங்கவில்லை. தியேட்டர்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது, அதுவும் முன்வாடகைக்கு. முதல் நாள் நாற்பத்தோரு பேர். கதவு தட்டுகிற இடத்தில் ஒருவர், "இவளுக்கு என்ன திமிரு பாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திரையில் மெஷின் நின்றது. இரண்டு வரிசை முன்னால், மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, திரையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரி சொன்னார்: "எந்திரிக்காதடி. உக்காரு."

அவள் எழவில்லை. நூலைக் கோத்தாள். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

மூன்று வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் பாதி அரங்கு நிறைந்தது. போட்ட பணத்தில் பாதியாவது திரும்பும் என்று தம்பி சொல்கிறான், அவன் சொல்வதில் பாதியை நம்பலாம். தியேட்டர்காரரே போன் செய்தார். முடிவு அப்படியே இருக்கட்டும், பத்துத் தியேட்டர் தருகிறேன், ஆனால் படம் தொடங்கும்போது 'வழங்குபவர்' என்று தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்றார்.

"பேரு தாராளமா போடுங்க சார்," என்றார் அக்கா. "என் பேருக்குக் கீழ, அதே சைஸ்ல. பெருசா வேணும்னா வேற படம் பாத்துக்கங்க."

அவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துச் சரி என்று ஆள் அனுப்பினார். பத்து இல்லை, நாலு தியேட்டர். அக்கா அந்தப் பத்திரத்தையும் பென்சிலோடுதான் படித்தார்.

மூன்றாவது வாரத்தின் கடைசிக் காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்கா கேண்டீன் பக்கத்தில் தைத்த துணிப் பையோடு நின்றிருந்தார், அங்கிருந்து நேராக டெலிவரி கொடுக்கப் போக வேண்டும். கூட்டத்தில் மகள் வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பிலேயே இருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் நகர்ந்துகொள்ளப் பார்த்தேன், இடமில்லை.

"நான் அழுதது எங்கம்மா?"

"எது?"

"அன்னைக்கு நான் அழுதேன்ல. படத்துல அந்தப் பொண்ணு தூங்கிக்கிட்டிருக்கா."

"மாமா எழுதியிருந்தான். நான்தான் அதை அடிச்சுடச் சொன்னேன்."

"ஏன்?"

"வீடு என்னோடது, வித்தேன். கதவு என்னோடது, காட்டினேன். நீ அழுதது உன்னோடது பாப்பா. அதை நான் எப்படி விக்கிறது?"

மகள் அக்கா கையிலிருந்த துணிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்தக் கொட்டகை எங்க இருக்கு? எனக்கு வழி தெரியாது," என்றாள்.