பச்சை பூசிய இரண்டு வரிகள்

பிறருடைய புலம்பல்களைப் பொறுக்குவதுதான் மூன்று ஆண்டுகளாக என் வேலை. சென்னை உத்தியோகத்தை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கே திரும்பி, சொந்தமாக ஒரு செயலி செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்று சவடால் அடித்தவன் நான். என்ன செயலி என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதற்கு வழிகாட்டிய பயிற்சி வகுப்பில், ஜனங்கள் இணையக் குழுக்களில் எதைச் சொல்லி நொந்துகொள்கிறார்கள் என்று படித்துப் பட்டியல் போடச் சொன்னார்கள். ஒரே குறை பலருக்கு இருந்தால் அதுதான் உன் பொருள் என்றார்கள். கூடவே ஒரு கண்டிப்பு: எதற்கும் பதில் எழுதக் கூடாது. பதில் கிடைத்தால் ஆள் அடங்கிவிடுவாராம், குறையின் ஆழம் நமக்குத் தெரியாமல் போய்விடுமாம். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயிகள் குழுவில் ஆறு மாதம் கிடந்தேன். ஒன்றும் தேறவில்லை. பிறகு சிறுநீரக நோயாளிகளின் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்தேன். அங்கே ஒரு பெண்மணி எழுதியிருந்தார்.

"கூட்டேரிப்பட்டுல பஸ்ஸு நிக்கவே மாட்டேங்குது. எல்லாம் பாலத்து மேலயே போயிடுது. எங்க வூட்டுக்காரருக்கு திங்கள், புதன், வெள்ளி விழுப்புரத்துல டயாலிசிஸ். மூணு நாள்ல ரெண்டு நாளுதான் கூட்டிக்கினு போவ முடியுது. ஒரே பேஜாரா இருக்கு."

அதை அப்படியே என் பட்டியலில் ஏற்றினேன். அதே வாரம் திண்டிவனத்து ஊர்க் குழு ஒன்றில் ஒருவர் எழுதியதும் கண்ணில் பட்டது.

"எங்கம்மாவ நானே கார்ல விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்கு கூட்டிக்கினு போறேன். திங்கள், புதன், வெள்ளி. திரும்பி வர்றப்ப மயங்கி சாயறாங்க. வண்டி ஓட்டிக்கினே எப்படி புடிச்சிக்கறது? பின்னாடி கூட ஒக்கார ஒரு ஆளு இருந்தா போதும்."

அதுவும் அடுத்த வரியாக ஏறியது. ஒரே நோய், ஒரே நாள்கள், ஒரே ரோடு. அந்தக் கார் கூட்டேரிப்பட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இருவரும் வேறு வேறு குழுக்களில் இருந்ததால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டையும் படித்தவன் நான் ஒருவன்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வரிகளுக்கும் பச்சை வண்ணம் பூசினேன். பொருள் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். இவர் நம்பரை அவருக்குக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அப்படிக் கொடுத்துவிட்டால் என் செயலிக்கு யார் வருவார்கள் என்றும் யோசித்தேன். பதில் எழுதக் கூடாது என்ற வகுப்பு விதியைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. அது என் அற்பப் புத்திதான்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்மணி மறுபடி எழுதினார், கணவருக்குக் கால் வீங்கிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வண்டி தேடும் நோயாளிகளையும் அதே வழியில் போகும் வண்டிகளையும் சேர்த்துவைக்கும் அந்தச் செயலி முடிய ஐந்து மாதம் ஆயிற்று. முதல் ஆளாக அவரிடம்தான் காட்ட வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். கூட்டேரிப்பட்டில் பாலத்துக்குக் கீழே கடை வைத்திருப்பதாகவும், வரச்சொல்லியும் பதில் வந்தது. அவித்த மல்லாட்டை விற்கும் சின்னத் தள்ளுவண்டி. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் எதையும் விசாரிக்காமல், வந்த வேகத்தில் போனைத் திறந்து நீட்டினேன். மாதிரிக்காக அந்தக் காரின் விவரத்தையே போட்டு வைத்திருந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். திங்கள், புதன், வெள்ளி. அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஒருவர் தேவை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க வூட்டுக்காரரு போயி ரெண்டு மாசம் ஆச்சிங்க" என்றார்.

போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

"இந்த வண்டி எப்பத்திலேர்ந்து போவுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. "நீங்க குழுவுல எழுதுனீங்களே, அப்பத்திலேர்ந்தே போவுதுங்க அக்கா. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் தலைக்கு மேலே பாலத்தைப் பார்த்தார். அதன்மேல் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. "நாங்க இங்கயேதான் நின்னுக்கினு இருந்தோம்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போனை என் கையில் வைத்துவிட்டு அவர் கேட்டார். "அந்தம்மாவ இப்ப யாரு புடிச்சிக்கறாங்க?"

தெரியாது என்றேன். ஐந்து மாதத்தில் நான் அவர்களை ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.