நூற்றில் சிலர்

பொத்தேரி விடுதியில் தங்கி என் மகள் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது இருமல் பிடித்தது, விடவேயில்லை. செங்கல்பட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலை ஒட்டி நெறி கட்டியிருந்தது. டி.பி.யாக இருக்கலாம் என்றார்கள். விடுதியில் யாரிடமும் மூச்சுவிடாதே என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

சதையெடுத்துச் சோதித்ததில் டி.பி. இல்லை, சார்காய்டோசிஸ் என்று வந்தது. முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. அன்றைக்கே, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து அம்மாளிடம் வஞ்சிரம் வாங்கினேன்.

"இன்னா சார், மூஞ்சில பல்பு எரியுது?"

"பொண்ணுக்கு டி.பி. இல்லையாம்மா."

"அதுக்கா இம்மாம் பயம்? எம்புருசனுக்கு வந்துச்சு. மாத்திர துன்னான், இப்ப கடலுக்குப் போய்க்கினுதான் கீறான்."

டாக்டர் பொறுமையாகவே விளக்கியிருந்தார். "உடம்புக்குள்ள அங்கங்க சின்னச் சின்னக் கட்டியா வர்ற நோய் சார் இது. வந்தவங்கள்ல ஏறக்குறைய எல்லாருக்கும் நுரையீரல்ல இருக்கும். நிறைய பேருக்குத் தானாவே அடங்கிடும். கண்ணு, தோலு எல்லாம் நாலு பேர்ல ஒருத்தருக்கு. இதயம், நரம்பு நூத்துல சில பேருக்குத்தான்."

அந்த 'தான்' எனக்குப் போதுமாக இருந்தது.

கண் சிவந்து வலித்தபோது, நாலில் ஒன்று, வரக்கூடியதுதான் என்றேன். கணுக்காலுக்கு மேல் சிவப்புத் தடிப்புகள் வந்தபோதும் அதையே சொன்னேன். ஸ்டீராய்டில் அவள் முகம் உப்பியது. அடிக்கடி வருவதெல்லாம் வந்துவிட்டது, இனி வருவதற்கு ஒன்றுமில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். நோய்க்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஒரு சாயங்காலம் மாமல்லபுரம் மணலில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நெஞ்சு விட்டு விட்டு அடிக்குது."

"வெயில்மா."

"வெயில் எங்கப்பா இருக்கு?"

ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். நோய் இதயத்திலும் இருந்தது. துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகலாம், அதைச் சரிசெய்ய நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தே ஆகவேண்டும் என்றார். "ரொம்ப அபூர்வம் சார்," என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "சரிப்பா, அந்தச் சில பேர்ல நான் ஒருத்தி. நூத்துல மீதிப் பேரெல்லாம் எங்க? ஒருத்தரையும் நான் பார்த்ததில்லையே." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மீன்கார அம்மாள் கூடையை இறக்கினார். "டி.பி. இல்லன்னு சொன்ன. அப்பால இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற?"

டி.பி.யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடம் சொல்வது? மீன் வேண்டாம் என்றேன்.

கருவி வைக்க நாள் குறித்திருக்கிறார்கள். அதை வைத்தாலும் நோய் உள்ளேயேதான் இருக்கும். இப்போது வீட்டுக்குள் அவள் எழுந்து நடந்தால், விழுந்தால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நானும் பின்னால் போகிறேன். "சும்மா உக்காருங்கப்பா" என்கிறாள். உட்கார்கிறேன். அவள் அடுத்த அறைக்குப் போனதும் எழுந்துவிடுகிறேன்.